'டன்னலிங்' என்பதற்கு 'ஊடுகடப்பு': ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

உயிர்களின் பரிணாமத்தில் குவாண்டம் இயற்பியலுக்குப் பங்கு உண்டா என்பது குறித்து நம் கடலோரக் கல்லூரி மாணவர்களுக்காக எழுதப்படும் கட்டுரைக்கு, 'டன்னலிங்' என்பதற்கான தமிழ்ச்சொல் கேட்கப்பட்டதிலிருந்து சுரங்கம், துளைத்தல், கசிவு, ஊடுருவல், தாவல் ஆகியவை முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை; 'ஊடுகடப்பு' என்பதை முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாக எழுதப் பொறுத்தருள வேண்டும், ஏனெனில் இந்தக் கட்டுரையில் சொல் பிசகினால் அறிவியலும் சேர்ந்தே பிசகிவிடும்.

முதலில் நிகழ்வைப் பார்ப்போம். டி.என்.ஏ. ஏணியின் எழுத்துகளான காரங்களில் குவானைனும் சைட்டோசினும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், அடினைனும் தைமினும் இரண்டாலும் இணைந்துள்ளன. ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு புரோட்டான் இரு காரங்களுள் ஒன்றையே நெருங்கி நிற்கிறது. அது மறுபக்கக் காரத்தை நெருங்கி நிற்கவும் இடம் உண்டு. ஆனால் இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஆற்றல் மேடு ஒன்று இருக்கிறது. அந்த மேட்டின் உச்சிக்கு ஏறப் போதிய ஆற்றல் இல்லாமலேயே புரோட்டான் மறுபுறத்தில் காணப்படுவதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு என்பது குவாண்டம் இயற்பியலின் முடிவு. இதுவே டன்னலிங். இரு புரோட்டான்கள் இவ்வாறு இடம் மாறினால் குவானைன், பாடநூல் மொழியில் சொல்வதானால், தன் இயங்கு சமநிலை மாற்றியமாகிவிடும், அதாவது ஹைட்ரஜன் மட்டும் இடம் மாறிய வடிவமாகிவிடும். அந்த நேரத்தில் இழைகள் பிரிந்து நகலெடுக்கப்பட்டால், மாறிய குவானைன் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமினைச் சேர்த்துக்கொள்ளும். அடுத்த நகலெடுப்பில் அந்தத் தைமின் தனக்குரிய அடினைனைத் தேடிக்கொள்ளும். இப்படி ஓரெழுத்து நிரந்தரமாக மாறிப்போவதே சடுதிமாற்றம். 1963இல் சுவீடன் நாட்டுக் குவாண்டம் வேதியியலாளர் பெர்-ஓலோவ் லோவ்தின் முன்வைத்த கருத்து இது. புரோட்டான் நகரும் தொலைவோ ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறை விடவும் குறைவு.

'சுரங்கம்' என்ற சொல்லின் குறையை ஒரு மாணவியின் குறிப்பேட்டில் கண்டேன். இரண்டு பள்ளங்கள், நடுவில் ஒரு மேடு என்று ஆற்றல் வரைகோட்டை மிகச் சரியாக வரைந்திருந்தார். பிறகு மேட்டின் அடிவயிற்றில் பேனாவால் ஒரு துளையும் போட்டு, துளையின் வாயில் புரோட்டானை ஒரு புள்ளியாக வைத்திருந்தார். அவர் மீது தவறில்லை, சுரங்கம் என்றால் தோண்டப்பட வேண்டும்தானே. உண்மையில் மேடு முழுமையாக அப்படியே இருக்கிறது, யாரும் தோண்டவில்லை, அடுத்த புரோட்டானுக்கு வழியேதும் திறந்து வைக்கப்படவும் இல்லை. 'துளைத்தல்' என்பதற்கும் இதே மறுப்புத்தான். 'கசிவு' என்பதைப் பற்றி நீட்ட வேண்டாம். கசிவதற்கு முதலில் ஓட்டை வேண்டும்.

'ஊடுருவல்' பலருக்கும் பிடித்திருக்கிறது. திருச்சியிலோ கோவையிலோ அமர்ந்து பார்த்தால் எனக்கும் பிடித்திருக்கலாம். இராமநாதபுரக் கரையில் அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலைகளில் இருக்கிறது. ஒன்று, நிலத்தடி நீர் இறைக்க இறைக்கக் கிணறு உவராவதற்குக் காரணமான கடல்நீர் ஊடுருவல். மற்றொன்று, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் ஒத்திகை நடத்தும்போதெல்லாம் நாளிதழில் வரும் ஊடுருவல். முதலாவது மண்ணின் புரைகள் வழியே சிறுகச் சிறுக நிகழ்வது. இரண்டாவது உள்நோக்கத்தோடு நிகழ்வது. புரோட்டானுக்குப் புரையும் இல்லை, உள்நோக்கமும் இல்லை. ('ஊடுகடத்தல்' என்று வைக்கலாமே என்று கேட்டவருக்கு: கடல்வழிக் கடத்தல் செய்திகளில் அடிபடும் மண்டபம், வேதாளை போன்ற கரையூர்களில் 'கடத்தல்' என்ற சொல்லை அறிவியலுக்கு மீட்டெடுக்க நம்மால் ஆகாது.)

'தாவல்' பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வரலாற்றையே குழப்பிவிடும். 1935இல் மாக்ஸ் டெல்புரூக், திமோஃபீவ்-ரெசோவ்ஸ்கி, சிம்மர் ஆகிய மூவரும் மரபணுவை ஒரு மூலக்கூறாகக் கருதி, சடுதிமாற்றம் என்பது அந்த மூலக்கூறு ஒரு நிலையான அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்று விளக்கினர். 1943இல் டப்ளின் நகரில் ஆற்றிய உரைகளில் எர்வின் சுரோடிங்கர் இதையே எடுத்துக்கொண்டு, குவாண்டம் தாவல் என்ற பெயரால் பேசினார். அவர்களுடைய விளக்கத்தில் மூலக்கூறு மேட்டின் மீது ஏறியே மறுபக்கம் போகிறது. ஏறுவதற்கான ஆற்றல் வெப்பத்தின் தற்செயலான ஏற்றத்தாழ்விலிருந்தோ எக்ஸ் கதிரிலிருந்தோ கிடைக்கிறது. லோவ்தின் சொன்னது வேறு: அவருடைய புரோட்டான் ஏறுவதே இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் 'தாவல்' என்ற சொல்லுக்கு அதற்குரிய இடம் முன்பே இருக்கிறது. இரண்டையும் தாவல் என்றே எழுதினால், முப்பது ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு வேறு விளக்கங்கள் வாசகருக்கு ஒன்றாகவே தோன்றும்.

'ஊடுகடப்பு' என்பதில் 'ஊடு' நமக்குப் புதிதன்று. ஊடுபயிர் இங்கே உண்டு. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் எக்ஸ் கதிரை ஊடுகதிர் என்றே சொல்கிறார்கள். வினையாகவும் பெயரடையாகவும் சொல் வளைந்து கொடுக்கிறது: புரோட்டான் ஊடுகடக்கிறது, ஊடுகடந்த புரோட்டான், ஊடுகடப்பு வீதம். உயிரியலைத் தாண்டியும் இது செல்லும். ஜப்பானிய இயற்பியலாளர் லியோ எசாகிக்கு 1973இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருவியை ஊடுகடப்பு டையோடு எனலாம். நொதிகளைப் பற்றி எழுதும்போது இச்சொல்லின் பயன் இன்னும் தெளிவாகும். ஊடுகடப்பு நிறையைப் பொறுத்தது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருமடங்கு நிறையுள்ள டியூட்டீரியத்தை வைத்தால் நிகழ்தகவு வெகுவாகச் சரியும். 1989இல் ஜூடித் கிளின்மன் குழுவினர் ஈஸ்டின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதியில் ஹைட்ரஜன் ஊடுகடப்பதற்கான சான்றை இத்தகைய ஐசோடோப்பு வேறுபாடுகளைக் கொண்டே காட்டினர். இந்த வாக்கியத்தில் ஹைட்ரஜன் 'சுரங்கம் தோண்டுவதற்கான சான்று' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

ஒரு மறுப்பு நியாயமானது. 'கடப்பது' என்றால் கடக்கும் எண்ணம் உடைய ஒருவர் வேண்டாமா, புரோட்டானுக்கு விருப்பம் இருப்பதாக ஆகாதா என்று கேட்டிருந்தார்கள். புயல் கரையைக் கடந்தது என்று வானொலி சொல்லும்போது புயலுக்கு எண்ணம் உண்டு என்று இந்தக் கரையில் ஒருவரும் கருதுவதில்லை; 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிப் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் இந்த எச்சரிக்கை கட்டுரைக்குத் தேவையானதே. 1988இல் ஜான் கெய்ர்ன்ஸ் குழுவினர், பட்டினி கிடக்கும் பாக்டீரியாக்களில் அவற்றுக்குப் பயன்படும் சடுதிமாற்றங்களே கூடுதலாக எழுகின்றனவோ என்ற கேள்வியை எழுப்பினார்கள்; 1999இல் ஜான்ஜோ மக்ஃபேடனும் ஜிம் அல்-கலீலியும் அதற்குக் குவாண்டம் விளக்கம் ஒன்றை முன்வைத்தார்கள். அது இன்றுவரை நிறுவப்படாத ஊகம். லோவ்தின் கருத்தில் அத்தகைய தேர்வு எதுவும் இல்லை. ஊடுகடப்பு தற்செயலாக எழுத்தை மாற்றுகிறது, அந்த மாற்றம் நிலைப்பதா அழிவதா என்பதை இயற்கைத் தேர்வு பார்த்துக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் வாழும், முதுகெலும்பிகளோடு உறவுடைய பலனோகுளோசஸ் புழுவைக் காட்டிப் பரிணாமம் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள், 'உயிரே குவாண்டம் வழியில் தன்னை மாற்றிக்கொள்கிறது' என்று ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது.

அளவையும் மறைக்கலாகாது. 2022இல் சர்ரே பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கணக்கீட்டின்படி, குவானைன்–சைட்டோசின் இணைகளில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு எந்த ஒரு கணத்திலும் மாறிய நிலையில் இருக்கக்கூடும். உயிரணுவில் இறுதியாகத் தங்கும் பிழைகள் இதனினும் பன்மடங்கு குறைவு. இழை பிரியும்போது பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா, அல்லது பிழைதிருத்தும் நொதிகள் பிடித்துவிடுகின்றனவா என்பதில்தான் இன்றைய ஆய்வு நிற்கிறது.

வலசைப் பறவைகளின் காந்தத் திசையறிவுக்கும் இதே சொல்லை நீட்டலாம் என்ற யோசனையை ஏற்க வேண்டாம். ஐரோப்பிய ராபினின் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் புரதத்தில் நிகழ்வதாகக் கருதப்படுவது எலக்ட்ரான் தற்சுழற்சியைச் சார்ந்த வேறு நிகழ்வு. ராபினைப் பற்றிய அந்தச் சான்றைத் தனுஷ்கோடிப் பூநாரைகளின் தலையில் ஏற்றுவதும் முறையன்று.

ஆற்றல் மேட்டுக்குத் 'தடை' என்று கட்டுரை வரைவில் எழுதியிருப்பதை 'அரண்' என்று மாற்றக் கோருகிறேன். தடை என்றால் இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான் நினைவுக்கு வரும், இயற்பியலிலோ மின்தடை குறுக்கிடும். மின்னழுத்த அரண் என்பது மாணவர்கள் பள்ளியிலேயே படித்தது. ஆகவே வரைவில் டன்னலிங்கை விளக்கும் சிக்கலான வரியை இப்படி அமைக்கலாம்: 'ஆற்றல் அரண் சிதையாமல் இருக்கும்போதே புரோட்டான் அதை ஊடுகடந்து மறுபுறக் காரத்தை அடைவதற்கு, சிறிதேயாயினும் சுழியாகாத ஒரு நிகழ்தகவு உண்டு.' ஈழத்து வாசகர்களுக்காகப் பரிணாமம் வருமிடத்தில் கூர்ப்பு என்பதையும் சடுதிமாற்றம் வருமிடத்தில் விகாரம் என்பதையும் முதல்முறை மட்டும் சேர்த்து எழுதினால் போதும்.