இணையவழிப் பணியிடைப் பயிற்சியின் பயனை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி (ஆய்வு மாணவி):
ஆசிரியர்களுக்கான இணையவழிப் பணியிடைப் பயிற்சி குறித்து முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியுள்ளேன். பயிற்சியை நிறைவு செய்தோரின் விழுக்காட்டையும் இறுதியில் பெறப்படும் கருத்துப் படிவத்தையும் முதன்மைத் தரவாகக் கொண்டு, நேரடிப் பயிற்சியோடு ஒப்பிடுவதாகத் திட்டவரைவில் எழுதியிருக்கிறேன். இது போதுமா?

பதில் (முன்னாள் பயிற்றுநர்):
போதாது. காணொளியை ஓடவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவருக்கும் சான்றிதழ் வந்துவிடும். 'மிகவும் பயனுள்ளது' என்று படிவத்தில் குறித்தவர், மறுநாளும் முதலில் கை உயர்த்தும் மாணவரிடமே விடை வாங்கிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடக்கூடும். ஒப்பீட்டைப் பொறுத்தவரை, பேரி ஃபிஷ்மன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 49 ஆசிரியர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரே சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்திட்டத்துக்கு ஒரு பிரிவினருக்கு இணையத்திலும் மற்றவர்களுக்கு நேரிலும் பயிற்சி அளித்தபோது, வகுப்பறைச் செயல்பாட்டிலோ மாணவர் கற்றலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

பதில் (அளவீட்டுத் துறை):
எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜோசஃப் ஆலன், ராபர்ட் பியான்டா குழுவினர் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 78 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்றனர். பயிற்சி பெற்றவர்கள் தம் வகுப்பைப் படம்பிடித்து அனுப்ப, வழிகாட்டி அதிலிருந்து சிறு துணுக்குகளைத் தேர்ந்து கேள்விகளோடு திருப்பி அனுப்பி, பின்னர் தொலைபேசியில் உரையாடினார். சராசரி மாணவரை 50ஆம் சதமானத்திலிருந்து (அதாவது, நூறு பேரில் ஐம்பது பேரை முந்தும் நிலையிலிருந்து) 59க்கு உயர்த்துவதற்கு ஈடான முன்னேற்றம், பயிற்சி முடிந்த மறு ஆண்டில்தான் வெளிப்பட்டது. பயிற்சி முடிந்த கையோடு அளந்திருந்தால் அது கண்ணில் பட்டிராது.

பதில் (தொடக்கக் கல்வி ஆய்வாளர்):
ஃபிஷ்மன் ஆய்வை வைத்து இரண்டும் சமம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாண்டு நடந்த சோதனையில், ஆசிரியர்களுக்கான வழிகாட்டி நேரில் சென்ற பள்ளிகளில் மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுத் திறன் 0.31, வாசிப்பு 0.13 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) உயர்ந்தன. தொலைவழி வழிகாட்டலில் பேச்சுத் திறன் 0.12 மட்டுமே உயர்ந்தது, வாசிப்பில் மாற்றமில்லை, தாய்மொழி எழுத்தறிவு பின்தங்கவும் செய்தது, ஏனெனில் அதற்குரிய பாடவேளையை ஆங்கிலம் விழுங்கிவிட்டது. தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை என்றும், நேரில் வருபவரிடம் ஏற்படும் பொறுப்புணர்வும் ஆதரவும் தொலைவில் குறைந்தன என்றும் ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே, பயிற்சிக்குரிய பாடத்தை மட்டுமன்றி, பிற பாடங்களுக்குச் செலவாகும் நேரத்தையும் தாங்கள் பதிவுசெய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கருத்துப் படிவத்தைத் துணைத் தரவாக மாற்றி, வகுப்பறை உற்றுநோக்கலைப் பயிற்சிக்கு முன்பும், முடிந்தவுடனும், ஓராண்டு கழித்தும் மேற்கொள்ளலாம் என நினைக்கிறேன். ஆசிரியர் எந்தப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அறியாதவரே உற்றுநோக்க வேண்டுமா?

பதில் (அளவீட்டுத் துறை):
கட்டாயம். இரு உற்றுநோக்குநர்கள் ஒரே பாடவேளையைத் தனித்தனியே மதிப்பிட்டு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் முன்னோட்ட ஆய்விலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.