அலரிக்குத் திமிர், அதிரனுக்கு ஆழம்

மடைக்காரி:
வணக்கம் மக்களே. பெங்களூர் ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு மாடியறையில் நாலு பேர் சேர்ந்து ஃபேண்டசி வீடியோ கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். கதை, வசனம் என் பொறுப்பு. கற்பனை நாடு, பெரிய ஏரி, அடியில் உறங்கும் பூதம். நாயகி அலரி மடை திறப்பவள். மூச்சடக்கி மூழ்கி மடையைத் திறக்கும் வேலை, நம் ஊர் மடையர்கள் நிஜமாகவே செய்ததுதான்.

அவளிடம் ஒரு குறை வைத்தேன். ஏரிக்கரையில் விரிசலைக் கண்டும் வாய் திறக்க மாட்டாள். இந்த வருஷம் கரை தாங்கும் என்று ஊர்ச்சபையில் அடித்துச் சொன்னவளே அவள்தான். இப்போது மாற்றிச் சொன்னால் மானம் போகும். கரை உடைகிறது, தம்பியின் வீடு தண்ணீரோடு போகிறது. அங்கிருந்துதான் ஆட்டமே.

போன மாதம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஆடவைத்தோம். "திமிர் பிடிச்சவ", "இவளோட நான் ஏன் இருபது மணி நேரம் சுத்தணும்" என்றார்கள். கடுப்பில், அடுத்த வாரம் வேறு ஆட்களுக்கு அலரியை ஆணாக்கிக் கொடுத்தேன். பெயர் அதிரன். வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, 'அக்கா' மட்டும் 'அண்ணா' ஆனது. "ஆழமான கேரக்டர்", "உள்ளுக்குள்ள என்னவோ வெச்சிருக்கான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உங்களுக்கு?

ராத்திரி ஷிப்ட்:
ஏரி உடையறதெல்லாம் ஃபேண்டசியா? 2017-ல பெள்ளந்தூர் ஏரி தீப்பிடிச்சே எரிஞ்ச ஊருங்க இது.

சில்க்போர்டு சித்தர்:
மேடம், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் குரல் கொடுத்தது யாரு?

மடைக்காரி:
மேடம் வேண்டாம். அதிரனுக்கு நாடகத்தில் பதினைந்து வருஷம் நடித்த ஒரு நண்பர். அலரிக்கு… நான்தான். பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, போர்வை மூடிப் பதிவு செய்தது.

சில்க்போர்டு சித்தர்:
அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. பழுத்த நடிகர் மௌனமா ஒரு மூச்சு விட்டா அது ஆழம். பீரோவுக்குள்ளேர்ந்து வந்தா அது திமிரு. ஆம்பளை பொம்பளைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி ஒரே தரத்துல குரலைப் போட்டுப் பாருங்க.

மடைக்காரி:
சரி, அந்த அடி எனக்கு வேண்டியதுதான். ஆனால் பீரோவே இல்லாத உதாரணம் தருகிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேம். ஃபேண்டசி இல்லை என்று யாரும் கிளம்பாதீர்கள். 2013-இல் வந்த முதல் பாகத்தின் முடிவில் நாயகன் ஜோயல், தான் காத்துக் கூட்டி வந்த எல்லி என்ற பெண்ணுக்காக ஒரு மருத்துவமனையையே சுட்டுத் தள்ளிவிட்டு, அவளிடமே முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான். அவனை எல்லாரும் அப்பா மாதிரி கொண்டாடினார்கள். 2020-இல் இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பெண், அந்த மருத்துவமனையில் ஜோயல் கொன்ற தன் அப்பாவுக்காக அவனைப் பழி வாங்குகிறாள். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்கே கொலை மிரட்டல் போனது. இதற்கும் மைக் சரியில்லையா?

சில்க்போர்டு சித்தர்:
மிரட்டினவன் மனுஷனே இல்ல, அதுல பேச்சே கிடையாது. ஆனா ஆபியை ஏன் பிடிக்கலைங்கிறது வேற கேள்வி. ஜோயல் கூட நாம ஒரு முழு ஆட்டம் நடந்திருக்கோம். அவன் மக சாகறதை ஆரம்பத்துலயே பார்த்துட்டோம். அப்புறம் அவன் என்ன பண்ணாலும் மனசு ஒரு காரணம் தேடிக் கொடுத்துடும். ஆபி யாருன்னே தெரியாம வந்து, நமக்குப் பிடிச்சவனைக் கொல்றா, அதுக்கப்புறம்தான் அவ கதை வருது. வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தா?

உங்க அலரியும் அப்படித்தான். நான் அவளைச் சந்திக்கிற முதல் காட்சியே மறைக்கிற காட்சி. அவ தம்பிக்கு ஒரு வாய் சோறு போட்டதைக்கூட நான் பார்க்கல.

மடைக்காரி:
அதிரனும் போடவில்லையே ஐயா! அதே முதல் காட்சிதானே அவனுக்கும்? அவன் எதையும் காட்டாமலேயே கடன் கிடைத்தது. இவள் ஈடு வைக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்வது அது ஒன்றுதான்.

தங்கவயல்:
ஒரு மணி நேரமா ரயில்ல உக்காந்து இந்தச் சண்டையைப் படிக்கிறேன். ரெண்டு பேரும் பொண்ணைப் பத்தியே பேசறீங்க. கேம்ல ஆம்பளைங்களை மட்டும் ஒழுங்கா எழுதிட்டாங்களா? ஹீரோவுக்குன்னு ஒதுக்கி வெச்ச குறை ரெண்டே ரெண்டு: கோவம், குடி. ரெண்டுக்கும் காரணம் செத்துப்போன பொண்டாட்டி. பொறாமைப்படுற ஹீரோ எங்க? பயந்து ஓடிட்டு அப்புறம் கதை கட்டுறவன் எங்க? அது குறையே இல்லண்ணே, முலாம் பூசின நகை.

2018-ல வந்த காட் ஆஃப் வார் கேம் கூட பொண்டாட்டி சிதைக்கு மரம் வெட்டுறதுலதான் ஆரம்பிக்குது. ஆனா அங்க நிக்கல. தான் ஒரு கடவுள்ங்கறதைப் பையன்கிட்ட மறைக்கிறான் ஹீரோ கிரேட்டோஸ், அந்த மறைப்பாலயே பையன் நோவுல விழறான். உண்மையைச் சொன்னதும் அந்தப் பொடியன் தலைக்கனம் ஏறி ஆடறான் பாருங்க, எங்க அக்கா பையன் பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தப்ப இருந்த மாதிரியே.

அதே ஆட்டத்துல ஃப்ரேயா. மகனுக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு மந்திரம் போடறா. சாவு வராது. ஆனா சூடு, குளிர், ருசி எதுவுமே அவனுக்குத் தெரியாமப் போயிடுது. எடுத்துடும்மான்னு கெஞ்சறான், எடுக்க மாட்டேங்கறா. பாசம்தான், ஆனா அவன் வாழ்க்கையையே தின்னுடுச்சு. நம்ம வீடுங்கள்ல இல்லாத அம்மாவா?

அல்சூர் ஆந்தை:
தங்கவயல் தம்பி நன்றாகத் தொட்டார். ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கோவலனின் குறை பரத்தையர் வீதிக்குப் போனது மட்டும் அல்ல. கடற்கரையில் மாதவி பதிலுக்குப் பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனம் வேறொருவனிடம் இருக்கிறது என்று தானே முடிவு கட்டி எழுந்து போனான் பாருங்கள், அதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதே அவசரத்தைப் பிறகு பாண்டியன் செய்கிறான், பொற்கொல்லன் பேச்சை நம்பி. இவன் செய்த தப்பு இவனுக்கே திரும்புகிறது. மாதவியை வில்லியாக்காமலே இளங்கோ இதை முடித்துவிட்டார்.

ராத்திரி ஷிப்ட்:
சிலம்பு வந்தாச்சு. இன்னும் வரலியேன்னு பார்த்தேன்.

மடைக்காரி:
ஆந்தை ஐயா, மாதவி பேச்சு எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2015-இல் வந்த விட்சர் 3 ஆடியவர்களுக்கு அந்தக் குடிகாரப் பிரபு, 'பாரன்', நினைவிருக்கும். மனைவியை அடித்தவன். எத்தனை பேர் அவனுக்காகக் கண் கலங்கினார்கள்! அருமையான எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் அவன் கதையை நமக்கு முதலில் சொல்வதே அவன்தான். அவனுக்கு நின்று நிதானமாகப் பேச நேரம் இருக்கிறது. அந்த மனைவி அன்னா நம் கண்ணில் படும்போது சூனியக்காரிகளிடம் சிக்கி, புத்தி பேதலித்துக் கிடக்கிறாள். குறை அவனுடையது, வாக்குமூலமும் அவனுடையது. அவளுக்கு மிஞ்சியது விளைவு.

சில்க்போர்டு சித்தர்:
இது நல்ல பாயிண்ட். ஒத்துக்கறேன். மகள் தமாரா திருப்பிக் கேக்கறா, ஆனா கம்மிதான்.

இருந்தாலும் என் பழைய இடத்துக்கே வரேன். பாரன் பண்ற தப்பை நான் பண்ணல, பார்க்கிறேன், அவ்வளவுதான். அலரி பண்றதை நான் பட்டன் அழுத்திப் பண்றேன். விரிசல் என் கண்ணுக்குத் தெரியுது, சொல்லணும்னு தோணுது, ஆட்டம் விடமாட்டேங்குது. அந்த எரிச்சல் அவ மேல விழுது. குறையால ஆடறவனுக்கு நஷ்டம் வந்தா அவன் மன்னிக்கவே மாட்டான்.

மடைக்காரி:
பால்டர்ஸ் கேட் 3-இல் நம்மோடு வரும் மந்திரவாதி கேல் என்ன செய்கிறான்? தேவதையின் கண்ணில் பெரிய ஆளாகப் போய் நின்று, மார்பில் ஆபத்தை வாங்கிக்கொண்டு வந்தவன். நாம் பாடுபட்டுச் சேர்த்த மந்திரப் பொருளைக் கேட்டு வாங்கித் தின்கிறான். சுத்த நஷ்டம். அவனுக்கு எத்தனை காதலிகள் தெரியுமா?

சில்க்போர்டு சித்தர்:
ஐயோ, ஆனா அவன் கேட்டு வாங்கறான்! இல்லன்னு சொல்ல எனக்கு வழி இருக்கு. அதையே அலரிக்கும் குடுங்களேன். சபையில சொல்லலாமா வேண்டாமான்னு ஆடறவன்கிட்டயே விடுங்க. சொன்னா மடை சாவியைப் பிடுங்கிடுவாங்க, அடுத்த ரெண்டு இடத்துக்குப் போக முடியாதுன்னு வெச்சுடுங்க. நூத்துல பாதிப்பேர் அவங்களாவே மறைப்பாங்க. அப்புறம் யாரைத் திட்டுவாங்க?

மடைக்காரி:
அப்போது அது ஆடுபவனின் குறை, அலரியுடையது இல்லை. தவிர, எல்லாரும் ஆட்டத்தை அங்கே சேவ் செய்துவிட்டு, திரும்பத் திரும்ப வந்து இரண்டையும் பார்ப்பார்கள். அவள் மானம் ஒரு மெனுவாகிவிடும்.

தங்கவயல்:
அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. முன்ன ஒரு ஆபீஸ்ல ராத்திரி ஏத்தின ப்ரோகிராம் கோடுல நான் ஒரு தப்பு விட்டுட்டேன். எனக்கு மட்டும்தான் தெரியும். மூணு நாள் சொல்லல. கூட வேலை செஞ்ச பொண்ணு ராத்திரியெல்லாம் முழிச்சுத் தேடுனா. நானும் பக்கத்துல உக்காந்து அவளோட தேடுற மாதிரி தேடுனேன். காபி வேற வாங்கிக் குடுத்தேன். அந்தக் காபிதான் இன்னும் உறுத்துது. உங்க அலரி விரிசலைப் பார்த்த அன்னிக்கு ராத்திரி என்ன பண்றா?

மடைக்காரி:
எதுவும் எழுதவில்லை. காட்சி நேராகக் கரை உடைவதற்குத் தாவுகிறது.

அல்சூர் ஆந்தை:
அந்த ராத்திரிதானம்மா வேண்டும்.

மடைக்காரி:
மறுநாள் கரையில் மண் கொட்ட ஆட்கள் வருவார்கள். அவளும் கூடை சுமக்கலாம். விரிசல் இல்லாத பக்கத்தில். தம்பியும் அவளோடு சுமக்கிறான். அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிறாள். சுமப்பதை ஆடுபவரே செய்யட்டும், பத்து நடை.

சில்க்போர்டு சித்தர்:
விரிசல் பக்கம் போட விடுவீங்களா?

மடைக்காரி:
மாட்டேன். ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பலாம். தம்பி "எங்கக்கா போறே?" என்பான். கால் தானாகத் திரும்பிவிடும்.

சில்க்போர்டு சித்தர்:
அப்பவும் எனக்கு எரிச்சல்தான் வரும். பரவாயில்ல, அந்த எரிச்சல் வேற மாதிரி. கடைசில தம்பிகிட்ட மன்னிப்பு கேக்கறாளா?

மடைக்காரி:
இல்லை.

சில்க்போர்டு சித்தர்:
அதிரனும் கேக்க மாட்டானே?

மடைக்காரி:
அதிரனை அழித்தாயிற்று.

சில்க்போர்டு சித்தர்:
அழிக்காதீங்க, வெச்சு டெஸ்ட் பண்ணுங்க! ஒரே குரல் தரம், ரெண்டு பேருக்கும் மோர். அப்பவும் அவளை மட்டும் திட்டினாங்கன்னா நான் இங்கயே வந்து தோத்துட்டேன்னு எழுதறேன். சனிக்கிழமை வரவா? சில்க் போர்டுலேர்ந்து நடந்தே வந்துடுவேன். அந்த டிராஃபிக்ல வண்டி எடுத்தா ஞாயித்துக்கிழமை ஆயிடும்.

மடைக்காரி:
வாருங்கள். அலரிக்குக் குரல் கொடுக்க ஆள் தெரிந்தால் கூட்டி வாருங்கள். பீரோவை நான் காலி செய்து வைக்கிறேன்.