அட்மின் நம்பர் போய்விட்டது, ஊர் குரூப்பை மீட்பது எப்படி?

கோத்தகிரி பக்கம் ஆறு ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்களுக்கும்) சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப், 800 பேருக்கு மேல். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால், தேயிலைத் தோட்டத்தில் கரடி நின்றால், ஹெத்தையம்மன் பண்டிகை, துக்கச் செய்தி, எல்லாம் அதில்தான். ஃபார்வர்டு தொல்லை தாங்காமல் அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்திருந்தோம், அட்மினும் ஒரே ஒரு அண்ணன்தான். ஜூன் கடைசியில் அவருடைய ரெட்மி நோட் 10 ஓடையில் விழுந்துவிட்டது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் சிம்மும் போய்விட்டது. அன்றிலிருந்து குரூப்பில் ஒரு செய்தியும் இல்லை.

சிம் கடைக்கு இரண்டு முறை போனோம், அந்த நம்பரைத் திரும்பத் தர முடியாது என்கிறார்கள். புதுப் போனில் வாட்ஸ்அப் ஏற்றினால் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகிறது. சரி, புது குரூப் தொடங்கலாம் என்று வீடு வீடாகப் போனதில் 140 பேர்தான் சேர்ந்தார்கள், பெரியவர்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் புது லிங்க்கைப் போடவும் வழியில்லை.

ஐப்பசி மழை வருகிறது. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள், செய்தி போகாமல் இருப்பது பயமாக இருக்கிறது.

120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும் என்கிறார்கள், அப்படி அண்ணன் கணக்கு நீங்கினால் குரூப்பில் இருக்கும் வேறு யாராவது தானாக அட்மின் ஆவார்களா?