அம்பாசடர் மார்க் 4: டைமிங் கன் இல்லாமல் பாயிண்ட், டைமிங் வைப்பது எப்படி?

மார்க்4_பெட்ரோல்:
வணக்கம். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். புது பாயிண்ட் (கரண்டைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடர்பு முனை) போட்டு, அதன் கேப்பை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் தகடு) 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்தது, 400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது மேட்டில் இழுவை இல்லை, சூடு ஏறுகிறது, காலை எடுத்தால் சைலன்சரில் வெடிக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றச் சொல்கிறார்கள். வண்டி வந்தபடியே இருக்க வேண்டும் என்று ஆசை. டெஸ்ட் பல்ப், ஃபீலர், இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டில் மூன்றும் இருக்கின்றன. பழைய முறையை யாராவது படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அரமும்_ஃபீலரும்:
சார், நீங்கள் சொல்லும் மூன்றுமே டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கியதற்கான அடையாளம். புது பாயிண்ட்டில், கேமை (சுழன்று பாயிண்ட்டைத் திறக்கும் நான்கு முனைத் துண்டு) தொடும் ஃபைபர் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துதான் படியும். அது தேயத் தேய கேப் குறையும், கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் தாமதமாகும். அதனால்தான் 500 கிலோமீட்டரில் மறுபடி பார் என்பார்கள். கேமில் கிரீஸ் இல்லாமல் ஓடியிருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். அரிசி அளவு கிரீஸ் போதும். கூடினால் தெறித்துப் பாயிண்ட் முகத்தில் ஒட்டி எரியும்.

முதலில் கேப், அப்புறம்தான் டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

ஹேண்டில் போட்டுச் சுற்றி, குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்படி வையுங்கள். லாக் ஸ்க்ரூவை அரைத் தளர்வு விட்டு, 14 முதல் 16 தௌக்குள் வையுங்கள் (0.35 முதல் 0.40 மி.மீ.). பிளேடு உரசிக்கொண்டு வழுக்க வேண்டும், பாயிண்ட் கையைத் தள்ளக் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கும்போது கேப் நகரும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும்.

ஓடிய பாயிண்ட்டில் ஒரு முகத்தில் மொட்டும் எதிர் முகத்தில் குழியும் இருக்கும். ஃபீலர் பிளேடு மொட்டின் மேல்தான் உட்காரும், குழிக்குள் இருக்கும் இடைவெளியை அளக்காது. 15 என்று காட்டும், உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும். மொட்டைச் சன்ன அரத்தால் தட்டையாக்கிப் பெட்ரோல் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மணல் துகள் முகத்தில் பதிந்துவிடும். மொட்டு சீக்கிரமே திரும்ப வந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். அதன் அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும்.

நான்கு கேம் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று தௌக்கு மேல் வித்தியாசம் வந்தால் டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) ஷாஃப்ட் புஷ் போயிருக்கும். புஷ் மாற்றாமல் டைமிங் வைப்பது வீண் வேலை. புது வெண்கல புஷ்ஷை ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்ட பிறகே அடிக்க வேண்டும்.

ரிட்டார்ட்_அட்வான்ஸ்:
கேப் முடிந்தது என்று வைத்துக்கொண்டு டைமிங்.

பிளக் நான்கையும் கழற்றுங்கள், இக்னிஷன் ஆஃப். முதல் சிலிண்டர் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து மூடி, இன்னொருவரை ஹேண்டில் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷன். இப்போது புல்லியின் வெட்டை டைமிங் கவரின் பல்லோடு சேருங்கள். நீளமான பல் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்றவை அதற்கு 5, 10 டிகிரி முன்னால். 5-இல் தொடங்குங்கள். வெட்டு தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னால் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வந்து சேருங்கள். இல்லையென்றால் செயின் தொய்வு டைமிங்கில் ஏறிவிடும்.

காயிலின் நடு வயரைக் கழற்றி பாடியில் எர்த் செய்யுங்கள். பிளக் ஓட்டையில் பெட்ரோல் ஆவி இருக்கும் நேரம் அது. டெஸ்ட் பல்பின் ஒரு முனை காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் டெர்மினலில், மறுமுனை எர்த்தில். இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்தால் எரியும். கிளாம்பைத் தளர்த்தி, டெல்கோ பாடியை இடஞ்சுழியாக, அதாவது ரோட்டர் ஓடும் பக்கமாக, பல்ப் அணையும் வரை திருப்புங்கள். பிறகு வலஞ்சுழியாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்ப் எரியத் தொடங்கும் அந்த இடத்திலேயே கிளாம்பை இறுக்குங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் ஆனில் விட்டால் காயில் சுடும்.

பல்ப் இல்லாத காலத்தில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவில் கவ்வவிட்டு லேசாக இழுத்துப் பிடிப்பார்கள். தாள் நழுவும் இடம்தான் திறக்கும் இடம். இன்றைக்கும் சரியாக வேலை செய்யும், ஆனால் அப்புறம் முகத்தைத் துடைத்துவிடுங்கள், தாள் நார் ஒட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கடைசித் தீர்ப்பு ரோட்டில்தான். டாப் கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். லேசாக 'கினிங்' என்று கேட்டு வேகம் ஏறியதும் மறைந்தால் சரி. நாக்கிங் தொடர்ந்தால் துளி ரிட்டார்ட் செய்யுங்கள் (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துங்கள்).

மார்க்4_பெட்ரோல்:
ரொம்ப நன்றி சார். அளந்தால் 9 தௌதான் இருந்தது. 15-க்குக் கொண்டுவந்துவிட்டேன். பல்ப் மட்டும் மங்கலாக எரிகிறது, அது கோளாறா? பிளக் கேப்புக்கும் டாப்பெட்டுக்கும் (வால்வு இடைவெளி) ஏதாவது பழைய வழி உண்டா?

அரமும்_ஃபீலரும்:
கோளாறு இல்லை. கரண்ட் காயில் வழியாகத்தான் பல்புக்கு வருகிறது. பெரிய பல்ப் என்றால் மங்கும், 3 அல்லது 5 வாட் பல்ப் போடுங்கள்.

பிளக் கேப் 25 தௌ. சாதாரண ஹாக்ஸா பிளேடின் தடிமனும் ஏறத்தாழ அதுவே. பல் பக்கம் வளைத்து விரித்திருக்கும், முதுகுப் பக்கத்தை நுழையுங்கள்.

டாப்பெட் 15 தௌ, இன்ஜின் ஆறியிருக்கும்போது. எட்டு வால்வை முன்னாலிருந்து எண்ணி, ஒன்பதுக் கணக்குப் போடுங்கள்: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவது, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது, கூட்டினால் எப்போதும் ஒன்பது. 15 சரியாக வைத்தும் சத்தம் ஓயவில்லையென்றால் ராக்கரை (வால்வை அழுத்தும் கை) கழற்றி அதன் நுனியை விரலால் தடவுங்கள். வால்வுத் தண்டின் வட்டம் அதில் குழியாகப் பதிந்திருக்கும். பாயிண்ட்டில் பார்த்த அதே கதை, பிளேடு குழியின் கரையில் பாலம் போல உட்கார்ந்துகொள்ளும். ராக்கர் முகத்தைச் சாணை பிடித்துச் சரிசெய்யும் வரை அந்த டிக்டிக் போகாது.