கூகுள் ஷீட்ஸிலிருந்து தளத்துக்கு வரும் விலைப்பட்டியலில் காலி வரிசைகளை நீக்குவது எப்படி?

அணைக்கட்டு_தோட்டம்:
வணக்கம். அணைக்கட்டு வட்டாரக் காய்கறி விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் முதல் கீரை வரை அன்றாட விலையை ஒரு கூகுள் ஷீட்ஸ் கோப்பிலிருந்து தானாக எடுத்துக் காட்டுகிறோம். ஊருக்கு ஒருவர் நிரப்புவதால், 'மொத்தம்' நெடுவரிசையின் சூத்திரத்தை முன்கூட்டியே 300 வரிசைகளுக்கு இழுத்து வைத்திருக்கிறோம். இதனால் சரக்கு முடிந்த பிறகும் வெற்று வரிசைகள் நீண்டுகொண்டே போகின்றன. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நின்று கைபேசியில் பார்க்கும் வியாபாரிகள் அடியிலுள்ள தொடர்பு எண்ணை எட்டுவதற்குள் அலுத்துவிடுகிறார்கள். பக்கத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் எழுதி மறைத்தால் போதுமா?

காட்பாடி_வலைப்பணி:
மறைக்கலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். செல்லுக்குள் ஓர் இடைவெளி இருந்தாலே உலாவி அதைக் காலி என்று கொள்ளாது. தவிர, மறைத்த வரிசைகளும் பக்கத்தோடு இறங்கத்தான் செய்யும். மூலத்திலேயே களையெடுப்பதுதான் சரி.

அதே கோப்பில் புதிய தாள் ஒன்றைச் சேர்த்து, தலைப்பு வரிசையை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, அதன் கீழே, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் எடுத்துத் தரும் ஃபில்டர் சார்பை எழுதுங்கள். முதலில் மூலத் தாளின் வரம்பையும், அடுத்து பொருளின் பெயர் உள்ள நெடுவரிசையில் லென் சார்பு தரும் எழுத்து எண்ணிக்கை சுழியைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கொடுங்கள். 'மொத்தம்' நெடுவரிசையை நிபந்தனையாக வைக்காதீர்கள். சூத்திரம் வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) தந்த செல் நம் கண்ணுக்குத்தான் காலி, ஷீட்ஸின் கணக்கில் நிரம்பியது. நிரம்பிய செல்களை எண்ணும் கவுன்ட்ஏ சார்பு அதையும் சேர்த்தே எண்ணும். பிறகு தளத்தை இந்தப் புதிய தாளோடு இணையுங்கள்.

குடியாத்தம்_கணக்கு:
கொயரி சார்பாலும் இதைச் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். விலைப்பட்டியலுக்கு அது ஆபத்து. ஒரு நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால், எது பெரும்பான்மையோ அதையே அந்த நெடுவரிசையின் வகையாகக் கொண்டு மற்றதை அது வெறுமையாக்கிவிடும். விலைக்குப் பதில் யாராவது 'வரத்து இல்லை' என்று எழுதினால் அந்தச் சொல் தளத்தில் சத்தமின்றிக் காணாமல் போகும். ஃபில்டருக்கு இந்தக் குணம் இல்லை.

அணைக்கட்டு_தோட்டம்:
மிக்க நன்றி ஐயா, விலைப்பட்டியல் சீராகிவிட்டது. உறுப்பினர் வருகைப் பட்டியலில் மட்டும், ஏதேனும் ஒரு செல்லில் மதிப்பு இருந்தால் வரிசையைக் காட்டு என்று நிபந்தனை வைத்திருப்பதால், காலி வரிசைகள் போகவில்லை. அதில் தேர்வுப்பெட்டிகள் உள்ளன.

காட்பாடி_வலைப்பணி:
காரணம் அதுதான். குறியிடாத தேர்வுப்பெட்டியும் 'ஃபால்ஸ்' என்ற மதிப்பை வைத்திருக்கும். அங்கும் மனிதர் கையால் நிரப்பும் பெயர் நெடுவரிசையையே நிபந்தனையாக வையுங்கள். மேலும், சந்தை விடுமுறையன்று பட்டியல் முழுவதும் காலியானால் ஃபில்டர் பிழைக் குறியைக் காட்டும்; இஃப்என்ஏ சார்புக்குள் அதைப் பொதிந்து, 'இன்று விலை இல்லை' என்று வரச் செய்யுங்கள்.

குடியாத்தம்_கணக்கு:
கோப்பை 'வலையில் வெளியிடு' வழியாக இணைத்திருந்தால், முழு ஆவணத்தையும் வெளியிடாமல் அந்தப் புதிய தாளை மட்டும் தேர்ந்தெடுங்கள். உறுப்பினர்களின் கைபேசி எண்கள் மூலத் தாளில் இருக்கக்கூடும். அவை வெளியே போகக் கூடாது.