கிராஃபிங் கால்குலேட்டரில் விண்டோ அமைப்பது: உதவி தேவை

வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாம் ஆண்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வுக்கான எச்2 நிலைக் கணிதம் படிக்கிறாள். கையில் டிஐ-84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டர். அதில் விண்டோவை, அதாவது திரையில் தெரியும் எக்ஸ், ஒய் எல்லைகளை, அமைப்பதில்தான் சிக்கல். நேற்று ராத்திரி இருவரும் ஒரே கணக்கோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சமன்பாடு இதுதான்: ஒய் = எக்ஸ் கியூப் கழித்தல் 12 எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 36 எக்ஸ் கூட்டல் 5. ஜூம் ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான அமைப்பில் இரண்டு அச்சும் -10 முதல் 10 வரைதான். எக்ஸ் 2 ஆகும்போது ஒய் 37, அதனால் வளைவின் மேடு திரைக்கு வெளியே போய்விடுகிறது. சரி, எக்ஸ் எல்லைக்கு ஏற்ப ஒய் எல்லையைத் தானே அமைக்கும் ஜூம் ஃபிட்டை அழுத்தினோம். அது ஒய்-மின்னை (ஒய்யின் கீழ் எல்லையை) -2555க்கு இறக்கிவிட்டது! மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட நேர்கோடாகிவிட்டன. ஒய்-ஸ்கேல் (அச்சிலுள்ள அளவுக் கோடுகளின் இடைவெளி) 1 என்றே இருந்ததால் அந்தக் கோடுகள் ஒட்டி, ஒய் அச்சு தடித்த கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. பாவம், கால்குலேட்டர் கெட்டுப்போச்சு என்றே பயந்துவிட்டாள்.

அப்புறம் எக்ஸை 0 முதல் 8 வரை சுருக்கி மறுபடி ஜூம் ஃபிட் கொடுத்தோம். ஒய் 5 முதல் 37 வரை வந்தது, வளைவும் அழகாகத் தெரிந்தது. ஆனால் இந்த 0, 8 எல்லாம் விடை தெரிந்த பிறகு போட்டவை.

தேர்வில் புதுச் சமன்பாடு வந்தால் எக்ஸின் எல்லையை எப்படி முடிவு செய்கிறீர்கள்? முதலில் கால்குலேட்டரின் டேபிளில் எக்ஸ், ஒய் மதிப்புகளைப் பார்ப்பீர்களா, வகைக்கெழு எடுத்துத் திரும்புபுள்ளிகளை (மேடு, பள்ளம் இருக்கும் இடங்களை)க் கண்டுபிடித்துவிட்டு வருவீர்களா? பாடம் நடத்துபவர்கள், அண்மையில் ஏ லெவல் எழுதியவர்கள் யாராவது உங்கள் வழக்கத்தைப் படிப்படியாக எழுதினால் பெரிய உதவி. அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.