ஒரே ஆக்சஸ் ஃபைல், பல கைகள்: கடலூர், புதுச்சேரி அலுவலகங்களில் பார்த்தவை

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எம்.எஸ். ஆக்சஸில் செய்த ஃபைலை சர்வரில் வைத்து ஆளாளுக்குத் திறந்து வேலை பார்க்கிற அலுவலகங்கள் நம் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. நான் போன இடங்களில் எல்லாம் ஒரே புகார்தான்: "ஃபைல் அடிக்கடி கெட்டுப்போகுது சார், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாமா?" பெரும்பாலான இடங்களில் வேறு வாங்கத் தேவையே இல்லை. அமைத்த விதம்தான் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

முதுநகரில் வலை, கயிறு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடை. டேபிள் (தகவல் இருக்கும் இடம்), ஃபார்ம் (தட்டச்சு செய்யும் திரை), ரிப்போர்ட் (அச்சடிக்கும் பட்டியல்) எல்லாம் ஒரே ஃபைலில். அது ஷேர் ஃபோல்டரில் இருக்கிறது, எல்லா சிஸ்டத்திலும் அதற்கு ஒரு ஷார்ட்கட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாக்கி லிஸ்ட் எடுத்தால் ஒருவர் லிஸ்டில் மற்றவர் ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். காரணம், அந்த ரிப்போர்ட் முதலில் ஒரு தற்காலிக டேபிளை நிரப்பி, அதிலிருந்து அச்சடிக்கிறது. ஃபைல் ஒன்றுதான் என்றால் அந்த டேபிளும் எல்லோருக்கும் ஒன்றுதானே. பணம் கொடுத்து முடித்த மீனவருக்குப் பாக்கி கேட்டு ஆள் போய்விட்டது என்று கடைக்காரர் வருத்தப்பட்டுச் சொன்னார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். ஆக்சஸ் விஷயத்தில் சர்வர் எந்தக் கணக்கும் போடுவதில்லை. அது ஃபைலை வைத்திருக்கும் அலமாரி மட்டுமே. தேடுவது, திருத்துவது, எழுதுவது எல்லாம் அவரவர் சிஸ்டத்தில் ஓடுகிற ஆக்சஸ்தான், நெட்வொர்க் கேபிள் வழியாக. பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் ஃபைல் பாதியில் நிற்கும்.

அதனால் ஃபைலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒரு பேக்கப். அப்புறம் டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியில் மூவ் டேட்டா என்பதன் கீழ் ஆக்சஸ் டேட்டாபேஸ் என்று இருக்கும். அதை அழுத்தினால் டேபிள்களைத் தனி ஃபைலாகப் பிரித்துத் தரும். அந்த பேக்எண்ட் மட்டும் சர்வரில் இருக்கட்டும். ஃபார்ம், க்வெரி (தேடல்), ரிப்போர்ட் இருக்கிற ஃப்ரண்ட்எண்ட், ஒவ்வொருவர் சிஸ்டத்திலும் ஒரு பிரதி. இணைப்புப் பாதையை இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று கொடுக்காமல் சர்வர் பெயரோடு முழுப் பாதையாகக் கொடுங்கள். டிரைவ் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும், சர்வர் பெயர் மாறாது.

"ஃபார்மில் ஒரு மாற்றம் செய்தால் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய்ப் போட வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார், நியாயமான கேள்வி. சர்வரிலிருந்து புது ஃப்ரண்ட்எண்டைக் காப்பி செய்து, பிறகு திறக்கிற மாதிரி ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, ஷார்ட்கட்டை அதற்கு மாற்றிவிட்டேன். பாக்கி லிஸ்ட் கலப்பதும் அன்றோடு நின்றது.

முதலியார்பேட்டையிலிருந்து:

வணக்கம் சார். நான் புதுச்சேரியில் ஒரு பள்ளி அலுவலகத்துக்கு இந்த வேலை செய்து கொடுத்தேன். பிரித்து வைத்தும் பிரச்சினை தீரவில்லை. ஃபீஸ் வாங்குகிற அம்மா காலையில் முதலில் திறந்தால் அன்று முழுக்கத் தகராறு. பார்த்தால் பாதுகாப்புக்காக அவருக்கு ஃபோல்டரில் புது ஃபைல் உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆக்சஸ் முதல் ஆள் திறக்கும்போது பக்கத்திலேயே எல்ஏசிசிடிபி என்று முடிகிற பூட்டு ஃபைல் ஒன்றை உருவாக்கும், கடைசி ஆள் மூடும்போது அதை அழிக்கும். யார் எந்தப் பதிவைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு அதில்தான். ஆகவே பயன்படுத்துகிற எல்லோருக்கும் அந்த ஃபோல்டரில் படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க என்று நான்கு உரிமையும் வேண்டும்.

அந்தப் பூட்டு ஃபைலை நோட்பேடில் திறந்தால் சிஸ்டம் பெயர்கள் தெரியும். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் (ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் வசதி) செய்ய எல்லோரும் வெளியே வர வேண்டும் இல்லையா, அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று பார்க்க உதவும். ஏற்கெனவே வெளியேறியவர் பெயரும் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆக்சஸ் ஆப்ஷன்ஸில் கிளையன்ட் செட்டிங்ஸ் உள்ளே டிஃபால்ட் ஓப்பன் மோட் என்று இருக்கும். அது எல்லா சிஸ்டத்திலும் ஷேர்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் எக்ஸ்க்ளூசிவ் என்று இருந்தாலும், அவர் பேக்எண்டை நேராகத் திறந்தால் மற்ற எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வில்லியனூரிலிருந்து:

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததற்கு முந்தைய நாட்களிலிருந்தே கரண்ட் போய்ப் போய் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மருந்து ஏஜென்சியில் சர்வருக்கு யுபிஎஸ் உண்டு, சிஸ்டங்களுக்கும் உண்டு. ஆனாலும் பேக்எண்ட் கெட்டது. காரணம், சுவரில் மாட்டியிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் சாதாரண பிளக்கில் இருந்தது. கரண்ட் போனதும் எல்லா சிஸ்டமும் உயிரோடு இருக்க, நடுவில் இணைப்பு மட்டும் அறுந்துவிட்டது. ஆக்சஸைப் பொறுத்தவரை கேபிளை வெட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்விட்சுக்கும் ஒரு யுபிஎஸ் கட்டாயம் போடுங்கள், கடலோரத்தில் இருக்கிற நாம் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

வைஃபைக்கும் இதே கதைதான். மாடியில் முதலாளி லேப்டாப்பில் வைஃபை வழியாக பில் திருத்துகிறார் என்றால் ஒரு கேபிள் இழுத்துக் கொடுங்கள். பேக்எண்டை ஒன்டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். அங்கே ஆளுக்கு ஒரு பிரதி முளைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 2018இல் விண்டோஸ் 10இன் 1803 அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் ஃபைல் சீரற்ற நிலையில் இருக்கிறது என்ற செய்தி வரத் தொடங்கியது. அப்போது சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) டிசேபிள்லீசிங் என்ற மதிப்பை 1 என்று வைத்துத்தான் பலரும் சமாளித்தோம். பழைய சர்வர்களில் அது இன்னும் அப்படியே இருந்தால் யார், ஏன் வைத்தார்கள் என்று விசாரிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எல்லாம் பயனுள்ளது, நன்றி. எங்களிடம் இரண்டு கவுண்ட்டரில் ஒரே பில் எண் விழுகிறது. பிரித்துத்தான் வைத்திருக்கிறோம், கேபிள்தான். இது எதனால் சார்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஃபார்ம் திறந்தவுடனே கடைசி எண்ணோடு ஒன்று கூட்டிக் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கவுண்ட்டரும் சேமிப்பதற்கு முன்னால் திறந்தால் இரண்டுக்கும் அதே எண்தான் கிடைக்கும். எண்ணைப் பில் சேமிக்கிற நொடியில் எடுங்கள், பிஃபோர் அப்டேட் நிகழ்வில். கூடவே பில் எண் புலத்துக்கு, ஒரே எண் இரண்டு முறை வருவதை அனுமதிக்காத இண்டெக்ஸ் போடுங்கள். அப்படியும் மோதினால் ஆக்சஸே மறுத்துவிடும், நிரலில் அடுத்த எண்ணை எடுக்கச் சொல்லலாம்.

எவ்வளவு பேர் வரை தாங்கும் என்று தனியாகக் கேட்டவருக்கு: 255 பேர் என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருக்கிறது, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்துப் பதினைந்து பேர் விடாமல் தட்டச்சு செய்கிற இடத்தில் நான் டேபிள்களை, கணக்கு வேலையைச் சர்வரிலேயே செய்கிற எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றச் சொல்வேன். அது இலவசம், ஒரு டேட்டாபேஸ் 2022 பதிப்பு வரை 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி வரை போகலாம். ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. அதிலும் தமிழில் பெயர், முகவரி ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள்: யூனிகோட் கம்ப்ரெஷன் ஆங்கில எழுத்துக்குத்தான் இடத்தைச் சுருக்கும், தமிழ் எழுத்துக்குச் சுருக்காது. ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஆக்சஸிலேயே இருக்கலாம், அதனால் ஊழியர்கள் புதிதாக எதுவும் பழக வேண்டியதில்லை. சம்பள விவரம் வைத்திருப்பவர்கள் ஆட்கள் குறைவாக இருந்தாலும் எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறிவிடுங்கள். பேக்எண்ட் ஃபோல்டரைத் திறக்க முடிகிற யாரும் அந்த ஃபைலை முழுசாகக் காப்பி எடுத்துப் போக முடியும், ஆக்சஸின் இப்போதைய ஃபைல் வகையான ஏசிசிடிபி வந்தபோதே ஆளுக்குத் தனி அனுமதி தரும் பழைய வசதியும் போய்விட்டது.